நாலாவது ஊசி

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அவசரக் கேசுகளுக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. வாசலை ஒட்டி ஒரு முன்னறை, அதில் ஒரு கட்டில், ஒரு மேஜை, கொதிக்க வைத்த ஊசிகளைப் போட்டு மூடும் பீங்கான் தட்டு, அவ்வளவுதான். மாட்டுவண்டியில் வருகிறவர்களை முதலில் அங்கேதான் இறக்குவார்கள். கிணறு வெட்டும்போது வெடியில் கை போனவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், பாம்பு தீண்டியவர்கள், மூன்று நாள் வலியெடுத்தும் பிள்ளை இறங்காத பெண்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. நாமக்கல் பக்கத்துச் சீமை, கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும். அது போதும்.

நான் ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். பதினேழு வயதில் தாலி அறுந்தது. அண்ணன் என்னைச் சென்னைக்கு அனுப்பி நர்சு படிப்பில் சேர்த்துவிட்டார். தெருவில் ஒரு வருஷம் அதையே பேசினார்கள். படிப்பை முடித்து இங்கே வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு. நல்ல நர்சு என்று சீக்கிரமே பேர் எடுத்தேன். கை சுத்தம், வேலை சுத்தம், நேரம் தவறாதவள். நேரம் தவறாதவள் என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் கர்வமே உண்டு.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முன்னால். தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். காலை எட்டு மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றது. கூட வந்த நாலு ஆண்களும் வண்டியைத் தொடாமல் பத்தடி தள்ளியே நடந்து வந்தார்கள். வண்டிக்குள் ஒரு ஆள் வைக்கோல்மேல் கிடந்தான். முப்பது வயது இருக்கும். கையும் காலும் மாடு கட்டும் தாம்புக்கயிற்றால் கட்டியிருந்தது. அவன் தலைமாட்டில், மடியில் ஒரு வயதுப் பெண்குழந்தையோடு அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். வண்டிக்குள் அவன் பக்கத்தில் இருந்தது அவள் மட்டும்தான்.

"நாய்க்கடிங்க," என்றான் வண்டிக்காரன். "எருமப்பட்டிக்கு அக்கட்டால இருந்து வாரமுங்க. மூணு நாளா தண்ணியக் கண்டா பயப்படறானுங்க."

தாழ்வாரத்தில் சீட்டுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேயே போய்விட்டார்.

டாக்டர் வந்தார். நல்ல மனிதர். இரண்டு டாக்டர் பார்க்க வேண்டிய ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டு வந்தேன். அவன் கண்ணுக்கு நேரே அதை நீட்டியதும், கழுத்து நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்தது. தொண்டை உள்ளே இழுத்துக்கொண்டது. முதுகு வில்லாக வளைந்து, மூச்சு அடைத்து, ஒரு சத்தம் வந்தது. நாய் குரைக்கிற சத்தம் என்று ஊரில் சொல்வார்களே, அது. உண்மையில் அது மூச்சு கிடைக்காத மனிதனின் சத்தம். அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதும் அவன் சாதாரணமாக, வெட்கப்பட்டவனைப்போல, டாக்டரைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சாமி," என்றான்.

டாக்டர் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார்.

"இதற்கு வைத்தியம் இல்லையம்மா. இன்று அல்லது நாளை. மார்பியா போடுகிறேன். கடைசி அறையில் போட்டுப் பூட்டிவிடச் சொல். யாரும் உள்ளே போகவேண்டாம். நீயும் போகவேண்டாம்."

வழக்கம் அப்படித்தான். பூட்டிவிடுவார்கள், ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், சத்தம் நின்றதும் திறப்பார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். நான் அப்போது ஒன்றும் பெரிதாக இரக்கப்படவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வார்டு ஆட்கள் இரண்டு பேர் மூங்கில் கொம்பு கட்டிய கட்டிலில் அவனைத் தூக்கிப் போனார்கள். என்னைத் தாண்டும்போது அவன் தலையைத் திருப்பி, "நர்சம்மா," என்று கூப்பிட்டான். தெரிந்தவரைக் கூப்பிடுகிற குரல்.

"என்னைத் தெரீலீங்களா? முன்ன வந்திருக்கறனுங்க. வயித்துல ஊசி போடறப்ப நீங்கதானுங்க கையைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க."

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பேர் வந்து போகிற இடம். ஆனால் ஊசி போட்டவனுக்கு எப்படி இது வந்தது என்று யோசனை போயிற்று. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு நாள் ஊசி. குன்னூரிலிருந்து மருந்து வரும். அதற்கென்று ஒரு நோட்டு இருந்தது. அதை எடுத்துப் புரட்டினேன். ஐப்பசி மாதத்துப் பக்கங்களில் அவன் ஊரும் பேரும் என் கையெழுத்தில் இருந்தன. அடுத்தடுத்து மூன்று நாள், மூன்று குறிகள். நாலாவது கட்டம் காலி. அதற்கப்புறம் பத்தும் காலி.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஒரு பகல், பன்னிரண்டரை மணி. வெளி நோயாளிகள் நேரம் முடிந்து, மருந்துப் பெட்டியைப் பூட்டியாகிவிட்டது. சாவி கம்பவுண்டரிடம். அவர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கை கழுவிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முழங்கால்வரை புழுதியோடு ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் என்ன சொன்னேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை நினைவு வந்தது.

"மணி என்ன ஆச்சு தெரியுமா? இது உன் ஊர்ச் சந்தையா, நினைச்ச நேரத்துக்கு வர? நாளைக்கு நேரத்தோட வா."

அவன் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. வரவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டுக் கடைசி அறைக்குப் போனேன். பூட்டப் போன ஆளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டேன். பின்னால் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு, பெரிய மனசு என்றார்கள், கருணை என்றார்கள். அந்த நிமிஷம் என்னை உள்ளே தள்ளியது கருணைதானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அறை மேற்கே பார்த்தது. ஜன்னலுக்கு வெளியே அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். "குலைக்கிறானா?" என்று ஒருவன் கேட்டது காதில் விழுந்தது. ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்து ஜன்னலில் கட்டினேன். அதில் காற்றும் நின்றது. காற்று முகத்தில் பட்டாலும் அவனுக்குத் தொண்டை இழுத்தது. மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை வெளியே எடுத்துப் போகச் சொன்னேன். தாழ்வாரம் கழுவ வாளியோடு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினேன், வாளிச் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. என் ஏப்ரன் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். அதையும் கழற்றி வைத்தேன்.

பிறகு அவன் கால் கட்டை அவிழ்த்தேன். கயிறு அறுத்துக் கணுக்காலில் சதை தெரிந்தது. கைக்கட்டை அவிழ்க்கப் போனபோது தடுத்தான்.

"கை கட்டுனபடியே இருக்கட்டுங்க."

"வலிக்குமே. தோல் போயிருக்கு."

"போகட்டுங்க. நான் யாரையாச்சும் கடிச்சுப்போட்டன்னா? எனக்கு வர்றப்ப என்ன பண்றன்னு எனக்குத் தெரீலீங்க."

கட்டியவர்கள்மேல் கோபப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தவள் நான். அவனோ கட்டு வேண்டும் என்கிறான். பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து, அதைக் கொண்டு கையைக் கட்டிலோடு கட்டினேன். கயிற்றைத் தூக்கி எறிந்தேன். "இப்போ சரியாக இருக்கிறதா, இறுக்கமா?" என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க," என்றான்.

டாக்டர் கதவருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே கூப்பிட்டு, "கையில் காயம் கீயம் எதுவும் இல்லையே?" என்றார். இல்லை என்று விரித்துக் காட்டினேன். "எச்சில் படாமல் பார்த்துக்கொள்," என்று சொல்லிவிட்டு, தானே உள்ளே வந்து மார்பியா போட்டார். ஊசியைத் தட்டில் வைக்காமல் முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்து வந்தார். பளபளப்பைக் கண்டால் அவனுக்கு இழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மருந்து வேலை செய்தபோது அவன் பேசினான். தெளிவாகப் பேசினான், அதுதான் கொடுமை. மற்ற நோயில் புத்தி மங்கிவிடும். இதில் ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் ஆள் முழுசாக இருந்தான். தன் எருதுகளைப் பற்றிச் சொன்னான். கவலை ஓட்டுகிறவன் அவன். கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இறைக்க, எருதுகளை முன்னும் பின்னுமாக நடத்துகிற வேலை. "மயிலையை வலப்பக்கம் கட்டுனா நடக்காதுங்க. இடப்பக்கந்தான். என்ற தம்பிக்கு அது தெரியாது, அடிப்பான். சொல்லிப்போடுங்க," என்றான்.

"சொல்றேங்க," என்றேன். அவனை நான் அப்போதிருந்துதான் மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தேன்.

மனைவியை உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு. நான் விட்டேன். குழந்தையை வெளியே ஒரு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்து, அவன் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவன் நெற்றியில் கையை வைத்தபடியே இருந்தாள். மத்தியானம்போல அவன் குழந்தையைப் பார்க்கவேண்டும் என்றான். கிட்டே கொண்டுவர வேண்டாம், வாசப்படியில் நிறுத்தினால் போதும் என்றான். ஆயா தூக்கி வந்து நின்றாள். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டித் தாவியது. அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "போதுமுங்க, கொண்டு போகச் சொல்லுங்க," என்றான். குழந்தை தாழ்வாரம் முழுக்க அழுதுகொண்டே போனது.

அதன்பிறகுதான் தாகம் என்றான். "தொண்டை காயுதுங்க, அம்மா. நாக்கு மரக்கட்டையாட்ட இருக்குது. எப்படியாச்சும் ஒரு சொட்டு."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பஞ்சை நனைத்து, சத்தமில்லாமல் பிழிந்து, ஈரம் மட்டும் இருக்கும்படி உதட்டில் ஒற்றினேன். ஒரு தடவை தாங்கினான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது தடவை ஒற்றும்போது ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. வாய் மூடிக்கொண்டது. என் ஆள்காட்டி விரல் அவன் பல்லுக்கிடையே இருந்தது.

கடிக்க வேண்டும் என்று கடித்ததல்ல. கதவு காற்றில் சாத்திக்கொள்வதுபோல, அவ்வளவுதான். இழுப்பு விட்டதும் விரலை எடுத்தேன். நுனியில் ஒரு கடுகளவு ரத்தம். முந்தானைக்குள் கையை மறைத்தேன். அவன் கண்ணைத் திறந்து என் முகத்தைத்தான் முதலில் பார்த்தான்.

"கடிச்சுப்போட்டனுங்களா?"

"இல்லீங்க."

"கையைக் காட்டுங்க."

"ஊசி குத்தின கைங்க இது. காலையிலேயே குத்திக்கிட்டேன். நீங்க கடிக்கலை."

அவன் நம்பினானா இல்லையா தெரியாது. அதற்கப்புறம் நாலைந்து தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். மனைவி என் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே போய் விரலைக் கார்பாலிக் விட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. நாய்க்கடி நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் என் பேரை எழுதினார்.

அன்றிரவு அவனுக்கு மருந்து கூட்டிப் போட்டிருந்தது. வேறொரு நர்சு கதவுக்கு வெளியே இருந்தாள். விடிந்து நான் போனபோது இழுப்பு நின்றிருந்தது. கைகால் துவண்டு, கண் பாதி மூடி, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. கட்டை அவிழ்த்தேன். இப்போது தடுக்கவில்லை. பகல் பதினோரு மணிபோல அந்த மூச்சும் நின்றது. மனைவி அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எடுக்காமலே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப ஊத்தலாமுங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. சாகிறவர் வாயில் ஒரு வாய் தண்ணீரோ பாலோ ஊற்றி அனுப்புவது எல்லா வீட்டிலும் உண்டு. அவள் நேற்றிலிருந்து அதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள். நான் போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். தாழ்வாரத்தில் நடக்கும்போது தம்ளர் தளும்பாமல் பிடித்துக்கொண்டு வந்தேன், அவன் காதில் சத்தம் விழக்கூடாது என்று. வாசப்படியில் வந்த பிறகுதான் இனி அது தேவையில்லை என்பது உறைத்தது.

அவள் வாயைத் திறந்து ஊற்றினாள். தண்ணீர் உள்ளே நிற்காமல் கன்னத்தில் வழிந்து, கழுத்தில் இறங்கி, தலையணையை நனைத்தது. அவன் அசையவில்லை. ஒரு சொட்டுக்கு உடம்பே தூக்கிப்போட்ட ஆள், முழுத் தம்ளருக்கும் பேசாமல் கிடந்தான். அவள் கடைசிவரை ஊற்றினாள். ஊற்றி முடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

மறுநாள் காலை எனக்கு இரண்டாவது ஊசி. முந்தின நாள் அந்தக் களேபரத்தில் முதல் ஊசியின் வலியே தெரியவில்லை. இரண்டாவதில் தெரிந்தது. மூன்றாவதில் வயிறு பலகைபோல வீங்கிவிட்டது. நாலாவது நாள் கட்டிலிலிருந்து எழுந்து, என் அறையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவே இரண்டு தடவை உட்கார்ந்தேன். அது நூறடி தூரம் இருக்காது. அவன் ஊர் பத்து மைலுக்கு மேல். அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்தவன் பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேர்ந்திருக்க முடியும். அன்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது அலட்சியத்தால் என்று நினைத்திருந்தேன்.

பதினாலும் போட்டுக்கொண்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. விரல் ஆறி, வடு மறைந்த பிறகும், தினம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தம்ளரில் தண்ணீர் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். தொண்டை இழுக்கிறதா? இல்லை. குடிப்பேன். மத்தியானம் மறுபடி பார்ப்பேன். யாராவது குடத்திலிருந்து அண்டாவில் ஊற்றினால் நின்று என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். டாக்டர் இனி ஒன்றும் ஆகாது என்று பல தடவை சொன்னார். ஒருநாள் அவரிடம் கேட்டேன்: "அந்த ஆள் பதினாலு நாளும் வந்திருந்தால்?" அவர் பேனாவை மூடி வைத்தார். "பிழைத்திருக்கலாம். நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது." நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவரும் நோட்டைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விறகு போடும் ஒரு கொட்டகை இருந்தது. டாக்டரிடம் பேசி அதைக் காலி செய்து, நாய்க்கடி ஊசிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பதினாலு நாளும் தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தோம். மருந்துப் பெட்டிக்கு இன்னொரு சாவி வாங்கி நான் வைத்துக்கொண்டேன். எந்த நேரத்தில் வந்தாலும் போட்டேன். நடுவில் நின்றுபோனவர்களுக்கு ஊர்த் தலையாரி மூலம் சொல்லி அனுப்பினேன். சிலர் வந்தார்கள். சிலர் அப்படியும் வரவில்லை. கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்து நின்றுபோன ஒரு ஆளுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். சௌக்கியமாக இருக்கிறேன் என்று பதில் வந்தது. சௌக்கியமாகத்தான் இருந்தான்.

ஆவணி மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி எருமப்பட்டியில் இறங்கி, அவன் ஊருக்கு நடந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிணற்றடியில் தம்பி கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். மயிலை எருது இடப்பக்கம் இருந்தது. அவள் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"வாங்க நர்சம்மா. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே? விரலு?"

அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். விரலைக் காட்டினேன். பிடித்துப் பார்த்துவிட்டு, "நாந்தான் இத்தன மாசமா பயந்துக்கிட்டே கெடந்தேனுங்க," என்றாள்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். குழந்தை இப்போது நடந்தது, மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நாலாவது நாள் அவர் வந்தார். நேரம் ஆகிவிட்டது என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். கம்பவுண்டரைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. சோறு ஆறிவிடும் என்று நினைத்தேன்.

அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் காலடியில் இருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்குச் சாயந்தரம் ஊட்டுக்கு வந்து சொன்னாருங்க," என்றாள். "நாளைக்கு வெள்ளென வரச் சொல்லிட்டாங்க, கோழி கூப்பட்டதும் கெளம்போணும்னு. நாந்தானுங்க சொன்னேன். நாளைக்குக் கடலக்கொடி புடுங்க ஆளு வரச் சொல்லியாச்சு, புண்ணுதான் ஆறிப்போச்சே, நாளன்னிக்குப் போனா என்னன்னு. வயித்த வலிச்சுக்கிட்டு இருந்துதுங்களா, அவரும் சரின்னுட்டாரு. நாளன்னிக்கு மழை புடிச்சுக்கிச்சுங்க. அப்பறம்..."

பிடுங்கிய புல்லைக் கீழே போட்டுவிட்டு, "இத நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. மாமியாகிட்டச் சொன்னா என்னைய உசுரோட வெக்க மாட்டாங்க," என்றாள்.

தம்பி எருதை ஓட்டுகிற சத்தம் கேட்டது. பறி மேலே வந்து தொட்டியில் கொட்டியது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவளும் அதே நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா," என்றாள். "நம்ம ரெண்டு பேராலதான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். படுக்கையில் கிடக்கிறவர்களிடம் எத்தனையோ சொல்லிப் பழகிய வாய்தான். அவளிடம் முடியவில்லை.

"தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"ஆனா ஒண்ணுமே சொல்லலீங்களே."

"சொல்லலைதான்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து போய்க் கம்பஞ்சோறும் மோரும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள். சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் பல வருஷம், யுத்த காலம் முழுக்க, சந்தைக்கு வருகிற நாளில் அவள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். முன்னறை வாசப்படியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காருவாள். மருந்து வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க." நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. வண்டிகள் வரும், போகும். நான் வேலையைப் பார்ப்பேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி அவள் வந்து உட்கார்ந்திருந்த ஒருநாள் கிணற்று வெடியில் சிக்கிய ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே அவன் மனைவி தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே டாக்டரும் நானும் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தோம், அவளைப் பிடிக்க ஆள் இல்லை. யாரோ அதட்டுகிறார்கள், அவள் இன்னும் கத்துகிறாள். திடீரென்று சத்தம் குறைந்தது. நான் எட்டிப் பார்த்தேன். எருமப்பட்டிக்காரி அந்தப் பெண்ணைப் படியில் உட்காரவைத்து, பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. அவள் ஆடுகிற பக்கமெல்லாம் கூடவே ஆடிக்கொண்டு இறுகப் பிடித்திருந்தாள். கூடை கவிழ்ந்து கத்தரிக்காய் படியெல்லாம் உருண்டு கிடந்தது.